கல்யாணச் சாப்பாடும் உடைந்த ஆயில் குழாயும்

போன வருஷம் தை மாதம், ஒரு முகூர்த்த நாள் காலையில் நடந்தது இது. ஒரகடத்தைத் தாண்டி வடக்குப்பட்டுக்குப் பிரியும் சாலையில், கல்யாணச் சாப்பாடு நிறைந்த லாரியோடு நானும் என் கணவரும் நட்டநடுவில் நின்றுவிட்டோம். இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அந்த லாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பென்னலூரில் மெஸ் நடத்துகிறேன். கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு ரூம் எடுத்தும் ஹாஸ்டலிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள்தான் என் வாடிக்கையாளர்கள். மெஸ் கொஞ்சம் வளர்ந்து, விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு வண்டி தேவைப்பட்டது. ஏலத்துக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய என் கணவர், சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வந்தது விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டிருந்த பழைய லாரி. பெட்டி போல மூடிய உடம்பு. கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர். "பிளேனுக்கே சோறு போட்ட வண்டி" என்று பெருமை வேறு. எங்கள் ஏரியா மெக்கானிக்குகள் கேபினைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நான் சில நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதையும் நிம்மதியாகவே எடுத்துக்கொண்டார்.

அன்றைய கல்யாணப் பெண் என் மெஸ்ஸில் சாப்பிட்டவள். திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அப்பா அம்மா இல்லை. ஊரில் சொந்தம் என்று ஒரு சித்தி உண்டு, அவரும் வர முடியாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வடக்குப்பட்டில் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். அவரும் இப்போது கம்பெனி வேலைக்குத்தான் போகிறார். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொள்ளும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். எல்லாச் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீ வந்து நின்றால் போதும் என்று சொன்னார்கள். இவள்தான் விடவில்லை. மதியச் சாப்பாடு பெண் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "எக்கா, எம் பக்கத்துல இருந்து நான் கொண்டு போறது அது ஒண்ணுதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் மெனுவைப் பற்றி மட்டுமே பேசினேன், வேறு எதையும் பேசவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பெண் வீட்டுப் பந்தி என்றால் பெண் வீட்டு ஆட்கள்தான் இலையில் பரிமாற வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துப் பரிமாறுவதை மரியாதையாக நினைக்க மாட்டார்கள். ஹாஸ்டல் தோழிகள் வருவார்கள், பரிமாறுவார்கள் என்று இவள் தைரியமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

விடியற்காலையிலேயே சமையல் முடிந்து, அண்டாக்களை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வடையும் அப்பளமும் மட்டும் அங்கே போய்ப் பொரித்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஆனாலும் வழக்கப்படி முதல் ஈடு வடை ஒரு கூடை போட்டு எடுத்துக்கொண்டேன். வடக்குப்பட்டுத் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கர். லாரி ஏறி இறங்கியதும் கீழே டங்கென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் கருகிய வாசனை, அடியில் புகை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவே இல்லை. திருப்பத்தில் குறுக்காக, ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது.

என் கணவர் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தார். கியர்பாக்ஸில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பியை விட்டு எடுப்பார்களே, டிப்ஸ்டிக், அது உள்ளே போகும் இரும்புக் குழாய் உடைந்துவிட்டதாம். அதைத் தாங்கிப் பிடித்திருந்த போல்ட் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. குழாய் ஆடி ஆடியே இற்றுப்போய், ஸ்பீடு பிரேக்கரில் ஒரேயடியாக முறிந்துவிட்டது. அந்த வழியாக எண்ணெய் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் கியருக்கு அந்த எண்ணெய்தான் உயிர். அது குறைந்தால் வண்டி நகராது என்று எனக்கே பாடம் எடுத்தார். பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை.

குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கும், எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். முகூர்த்த நாள் அல்லவா, ஒருவர் விடாமல் எல்லாரும் வேறு கல்யாணத்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெண்ணே கூப்பிட்டாள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு லீவு கொடுக்கவில்லையாம், கம்பெனி லைனில் ஆள் பற்றவில்லை என்று சொல்லிவிட்டார்களாம், இரண்டே பேர்தான் வந்திருக்கிறார்களாம். "நீங்க எங்க வாறீங்க எக்கா?" என்று கேட்டாள். இதோ வந்துவிட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். தாலி கட்டப் போகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்வது.

போனை வைத்ததும் பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு கம்பெனி பஸ். நைட் ஷிப்ட் முடிந்து ஓவர்டைமும் பார்த்துவிட்டு, யூனிபார்மோடு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ். வடக்குப்பட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். டிரைவர் உள்ளூர்க்காரர், இறங்கி வந்தவர் கீழே ஓடிய சிவப்பு எண்ணெயைப் பார்த்தார், எங்கள் வண்டியில் எழுதியிருந்த மெஸ் பெயரைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரோட்ட அடச்சிகினு நிக்கிறீங்க. ரசம் வேற ஊத்திகினு கீது கீழ."

அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசம் இல்லை, கியர் எண்ணெய் என்று சொல்லி, கல்யாணச் சங்கதியையும் சொன்னேன். அண்டாக்களை உங்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அவர் பஸ் வாசலையும் என் சாம்பார் அண்டாவின் அகலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளி லாரியை ஓரம் கட்டினார்கள். வழி கிடைத்துவிட்டது, இனி அவர்கள் போக வேண்டியதுதான். டிரைவரும் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டார். ஒரு பையன் மட்டும் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பேச்சிலேயே தெரிந்தது, அவனும் நெல்லைச் சீமை.

"எக்கா, இந்தக் குழாயத்தான நான் தெனமும் மாட்டுதேன்" என்றான்.

அவர்கள் வேலை செய்வது லாரி செய்யும் கம்பெனி. இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் வண்டியும் தினமும் அவர்கள் லைனில் வருமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் சரி செய்துவிடுவாயா தம்பி என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். புதுக் குழாயை எடுத்து ஓட்டையில் சொருகுவது மட்டும்தான் அவன் வேலையாம். அதைத் தாங்கும் போல்ட்டை முடுக்குவது அடுத்த ஸ்டேஷன், அதாவது லைனில் அடுத்து நிற்பவன் வேலை. ஹோஸ், கிளிப் மாட்டுவது வேறொருவன். உடைந்த குழாயை ஒட்டவைக்கும் ஸ்டேஷன் என்று எதுவும் அவர்கள் கம்பெனியில் கிடையாதாம்.

ஆனால் அவன் பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தான். போல்ட் முடுக்குபவன் இறங்கினான். ஹோஸ் மாட்டுபவன் இறங்கினான். கடைசியில், தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் பிள்ளையும் இறங்கி வந்தாள். அவள் இன்ஸ்பெக்ஷன், மற்றவர்கள் செய்த வேலையைச் சரிபார்த்து ஓகே சொல்பவள். வந்ததும் வராததுமாக, ரோட்டில் கொட்டிய எண்ணெயில் பைக்கில் வருபவர்கள் யாரும் வழுக்கி விழக்கூடாது என்று மண்ணை அள்ளிப் போடச் சொன்னாள். டிரைவர் பெருமூச்சு விட்டு இன்ஜினை நிறுத்தினார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கோணியை விரித்துப் படுத்தார்கள். சூடு தணியட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, கியர்பாக்ஸில் நின்ற அடித்துண்டை மெதுவாக உருவி எடுத்து, அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்தார்கள். முறிந்த முனைகள் கோணல் மாணலாக இருந்தன. டிரைவர் தன் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடும் அரமும் கொடுத்தார். இரண்டு முனையையும் நேராக அறுத்து, ராவி, இரும்புத் தூள் போகத் துடைத்தார்கள். நடுவில் ஒரு ரப்பர் ஹோஸைப் போட்டு இரண்டையும் இணைத்து, மேலும் கீழும் கிளிப் வைத்து முடுக்கிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. ஹோஸுக்கு எங்கே போவது? நான் என் பங்குக்கு அடுப்பின் கேஸ் டியூபை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசியில் டிரைவர், பஸ் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தடித்த ஆயில் ஹோஸ் துண்டையும் இரண்டு கிளிப்பையும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

அதை மாட்டினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். இன்ஸ்பெக்ஷன் பிள்ளை விடவில்லை.

"அறுத்ததுல குழாய் குட்டையாயிடுச்சு அண்ணா. அப்படியே ஒட்ட வச்சா டிப்ஸ்டிக் கூடுதலா உள்ள எறங்கும். எண்ணெய் கம்மியா இருந்தாலும் நெறைய இருக்குன்னு காட்டும். நான் ஓகே சொல்ல மாட்டேன்."

பையன்கள் முணுமுணுத்தார்கள். என் கணவர், போய்ச் சேர்ந்தால் போதும் தாயே, அளவெல்லாம் எதற்கு என்று கெஞ்சினார். அவள் காதில் வாங்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தாள். உடைந்த துண்டுகளை அறுப்பதற்கு முன்பே அவள் அளந்து வைத்திருந்திருக்கிறாள். அறுத்ததில் போன அளவுக்கு நடுவில் இடைவெளி விட்டு, ஹோஸ் அதை மூடும்படி வைத்து, பழைய நீளம் வந்த பிறகுதான் கிளிப்பை முடுக்கவே விட்டாள். மெஸ்ஸில் சாம்பாருக்கு உப்புப் பார்க்க இப்படி ஒருத்தி எனக்கு வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

கழன்று விழுந்த போல்ட்டுக்குப் பதில் பஸ்ஸிலிருந்து ஒரு போல்ட் கிடைத்தது. முடுக்கியவன் எழுந்து நின்று பையைத் தடவிக்கொண்டே இருந்தான். என்னப்பா என்றால், லைனில் முடுக்கிய போல்ட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு போட்டால்தான் முடித்ததாக அர்த்தமாம். மார்க்கரை லைனிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். கோடு போடாமல் அவனுக்குக் கை ஓடவில்லை. நான் கொஞ்சம் மஞ்சள் தூளைக் குழைத்துக் கொடுத்தேன். ஒரு விரலால் தொட்டு அழகாகக் கோடு இழுத்தான். அப்புறம்தான் அவன் முகத்தில் நிம்மதி வந்தது.

எண்ணெய் எங்களிடம் ஒரு கேன் இருந்தது, போதாது. பஸ்ஸின் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் எண்ணெயும் அதே சிவப்பு. இன்ஸ்பெக்ஷன் பிள்ளை இரண்டு கேனிலும் எழுதியிருந்ததை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ரகம்தான் என்று சொன்ன பிறகு ஊற்றினார்கள். என் கணவர் இன்ஜினை ஓட விட்டார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஹோஸில் ஒரு சொட்டு இல்லை. போல்ட் பக்கம் இல்லை. ஆனால் குழாய் கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் எண்ணெய் கசிந்து, நூலாக ஒழுகியது.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஓ-ரிங் என்று ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு, அது இருந்தால் ஒழுகாது. அதை யார் போட்டது? சொருகிய பையன், லைனில் எனக்கு ஓ-ரிங் போட்டுத்தானே குழாய் வரும், முந்தின ஸ்டேஷன்காரன் போட்டிருப்பான் என்று நினைத்தேன் என்றான். முந்தின ஸ்டேஷன்காரன் அன்று லீவு. ஊரில் அவன் தங்கைக்கு வளைகாப்பாம். ரோட்டோரத்தில் அவன் எங்கிருந்து வருவான்? ஒவ்வொருவரும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள், வராத ஒருவனின் வேலையை மட்டும் எல்லாரும் நம்பி விட்டிருந்தார்கள்.

சரி, அந்த வளையம் எங்கே? மண்ணில் தேடினோம், கோணியை உதறினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் பந்தல் மைக்கிலிருந்து மேளச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது. கெட்டிமேளமாக இருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே மறுபடி மண்ணைக் கிளறினேன். அப்போது டிரைவர் அந்த நெல்லைப் பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"டேய், இது இன்னாடா கைல?"

துண்டை உருவியபோது தொலைந்துவிடக்கூடாது என்று வளையத்தைத் தன் விரலில் மாட்டி வைத்திருந்திருக்கிறான். மாட்டியதை மறந்தே போயிருக்கிறான். கல்யாணத்துக்குப் போகும் வண்டிக்கு அடியில் ஒருவன் மோதிரம் போட்டுக்கொண்டு படுத்திருந்தான் என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் நைட் ஷிப்ட் தூக்கம் எல்லாருக்கும் போய்விட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். மறுபடி கழற்றி, வளையத்தைப் போட்டு, மாட்டினார்கள். என் கணவர் பழக்க தோஷத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அளவு பார்க்கப் போனார். இந்தக் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள். எனக்கு அதில் தனி சந்தோஷம்.

ராத்திரி முழுக்க வேலை பார்த்த பிள்ளைகள். பந்திக்கு முன்னால் கல்யாண அண்டாவைத் திறக்கக்கூடாது. ஆனால் வடைக் கூடையை நான் திறந்துவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைத் திருப்பிப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். கூடை காலி.

ரோட் டெஸ்ட் இல்லாமல் ஓகே கிடையாது என்று இன்ஸ்பெக்ஷன் பிள்ளை எங்கள் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே பஸ்ஸும் வந்தது, எங்கள் வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே. பந்தல் வாசலில் நாங்கள் நின்றபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை வாசலிலேயே காத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, கவலையில் இருந்தார். இலை போட்டு ஜனம் உட்கார்ந்துவிட்டது. பெண் பக்கம் என்று இரண்டு பிள்ளைகள்தான் பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள்.

"பொண்ணு வூட்ல பரிமாற ஆளு கீதா, இல்ல எங்க பசங்களயே எறக்கட்டுமா?" என்று அத்தை என்னிடம் கேட்டார். உதவியாகத்தான் கேட்டார். ஆனால் மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் நின்ற பெண்ணின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் பம்பில் கை கால் கழுவிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நெல்லைப் பையன் சாம்பார் வாளியைத் தூக்கினான்.

"நாங்க இருக்கோம்லா, அத்தை" என்றான்.

அத்தை அவனை உற்றுப் பார்த்தார். "நீ நம்ம தெருவுல வாடகைக்கு கீற பையன் இல்ல?"

"ஆமா அத்தை. இன்னைக்குப் பொண்ணு வீடு."

அவ்வளவுதான். என் கணவர் அடுப்பைப் பற்றவைத்து வடையும் அப்பளமும் பொரிக்கப் பொரிக்க, ஒருவன் சோறு, ஒருவன் பொரியல், ஒருவன் அப்பளம் என்று யூனிபார்மோடு பந்திக்குள் இறங்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்ஷன் பிள்ளை கையில் ஒன்றும் எடுக்காமல் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த இலையில் என்ன குறைகிறதோ, அங்கிருந்து அவள் குரல் வரும். பஸ் டிரைவர் பாயசத்தை யாரிடமும் கொடுக்கவில்லை, அவரே ஊற்றினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தபோது, பொண்ணு வூட்டு பாயசம் வேணாம்னு சொல்லக்கூடாது என்று டிரைவர் அந்தக் கையை விலக்கி ஊற்றினதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் அவர்கள் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கிறார்கள், ஒரு கல்யாணத்துக்கும் யாரும் அவர்களை அழைத்ததில்லை என்று அப்போதுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது. பெண் மணமேடையிலிருந்து இறங்கி வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களுக்குத் தானே பரிமாறினாள். நெல்லைப் பையனின் இலைக்கு முன்னால் வந்தபோது, எந்த ஊர் என்று கேட்டாள். அவன் சொன்னான். அவளுக்கு அந்த ஊர் தெரியவில்லை, அவனுக்கு அவள் ஊர் தெரியவில்லை. ஆனாலும் அவள் அழுதுகொண்டே சிரித்து, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். இன்ஸ்பெக்ஷன் பிள்ளை மட்டும் பாதிச் சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

குழாயை அடுத்த வாரமே புதிதாக வாங்கி மாற்றிவிட்டோம். இப்போதும் கல்யாணச் சாப்பாடு சொல்ல வருபவர்களிடம் எத்தனை பேர், என்ன மெனு என்று கேட்டுவிட்டு, உங்கள் பக்கம் பரிமாற ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்கிறேன்; யாராவது பதில் சொல்லத் தயங்கித் தலையைக் குனிந்தால், இருக்கிறார்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்.